உடம்புக்குள்ளே ஒரு யாளிப் படை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படுகிறவர்கள் அடிவாரத்தில் ஐந்து நிமிஷமாவது நிற்காமல் போவதில்லை. ஆளுக்கு ஒரு டீ, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏரியும் காப்பித் தோட்டங்களும் சேர்வராயன் கோயிலும் காத்திருக்கும்போது, காலடியில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியை யார் கவனிக்கப் போகிறார்கள்? ரோஜா நிறத்தில் ஐந்து இதழ். ஆடு மாடுகூட அதைத் தொடாது. 'சுடுகாட்டு மல்லி' என்று அதற்கு ஒரு பட்டப் பெயரும் உண்டு.

"இந்தப் பூச்செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள், தெரியுமா அக்கா?" என்று டீக்கடை அம்மாளிடம் நம் அறிவைக் காட்டிக்கொண்டோம்.

"அதெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. எங்க சொந்தத்துல ஒருத்தருக்குக் கழுத்துல கட்டி வந்து, அந்த ஊசியெல்லாம் போட்டு நல்லாத்தான் ஆனாரு. ஆறு மாசம் கழிச்சு மூளைக்கு ஏறிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னு கையை விரிச்சுட்டாங்க. மருந்துன்னா மூளைக்கும் போக வேணாமா?"

டம்ளரைக் கழுவிக்கொண்டே அவர் கேட்ட கேள்வியைத்தான் உலகத்தின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

நித்தியகல்யாணியின் கதை வேடிக்கையானது. நம் ஊரைப் போலவே ஜமைக்காத் தீவிலும் இதன் இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். அந்த இலை கனடாவுக்குப் போயிற்று. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன! வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவாதா என்று யோசித்தார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அதன் தம்பியாக வின்கிரிஸ்டின் வந்தது. இன்றும் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் வின்கிரிஸ்டின் இருக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லைச் செடியைப் பறித்து அரைத்துக் குடித்துவிட வேண்டாம். செடி விஷம்.)

ஆனால் வின்கிரிஸ்டினுக்கு ஒரு குறை உண்டு. அது மூளைக்குள் சரிவர நுழைவதில்லை. அடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறதல்லவா? மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. குழாயின் உட்சுவர் அணுக்கள் இடுக்கில்லாமல் ஒட்டி நிற்கும். பிராண வாயுவும் சர்க்கரையும் போகலாம். கண்ட கண்ட சரக்குக்கு அனுமதி கிடையாது. நல்ல காவல்தான். ஆனால் லிம்போமா அணுக்கள் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டால், அதே காவல் அவற்றுக்குக் கோட்டைச் சுவராகிவிடுகிறது. துரத்தி வரும் மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தச் சாவடியைத் தாண்டிய ஒரு மருந்துக்குப் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்லுகிறது. 1923-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்ஸேட். அதை மிக அதிக அளவில் நரம்பில் ஏற்றினால் கொஞ்சம் மூளைக்குள்ளும் போகிறது. மூளை லிம்போமாவுக்கு இன்றும் அதுதான் முதல் ஆயுதம். சுப்பாராவ் 1948-லேயே காலமாகிவிட்டார். நம் பள்ளிப் புத்தகங்களில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அதற்கும் மசியாமல் நோய் திரும்பி வந்தால்? அங்கேதான் 'கார்-டி' வருகிறது. மலை ஏறும் மோட்டார் காரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரின் முதல் எழுத்து, கிரேக்கக் கதைகளில் வரும் கைமேரா என்ற மிருகத்தைக் குறிக்கிறது: சிங்கத் தலை, ஆட்டு உடல், பாம்பு வால். நம் கோயில் தூண்களில் துதிக்கையும் சிங்க உடம்புமாக நிற்கிறதே யாளி, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் காவல் படையில் 'டி' அணு என்று ஒரு சிப்பாய் உண்டு. அவனுக்கு வேறொருவனுடைய கண்ணைப் பொருத்தினால் யாளி ஆகிவிடுவான் அல்லவா? 1989-ல் இஸ்ரேலில் ஸெலிக் எஷார் என்பவர் இப்படிப்பட்ட கலப்பு அணுவைச் செய்து காட்டினார்.

செய்முறை இதுதான். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்து எடுக்கிறார்கள். தீங்கு செய்ய முடியாதபடி பல் பிடுங்கப்பட்ட ஒரு வைரஸ், புதிய மரபுக் கட்டளையை அவற்றுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அதன்பின் அந்த அணுவின் மேல் ஒரு கொக்கி முளைக்கிறது. லிம்போமா அணுவின் மேல் சி.டி.19 என்ற அடையாளச் சின்னம் இருக்கும்; கொக்கி அதைத்தான் தேடும். அணுக்களைக் கோடிக் கணக்கில் வளர்த்து, நோயாளிக்குச் சில நாள் மருந்து கொடுத்து உடம்பில் இடம் பண்ணி, ஒரே ஒரு தடவை நரம்பில் ஏற்றுகிறார்கள்.

மாத்திரைக்குக் கால் கிடையாது. டி அணுவுக்கு உண்டு. சாவடியில் காவலனோடு பேசி உள்ளே போகத் தெரிந்த ஜீவன் அது. ஆனாலும் ஆரம்பத்தில் டாக்டர்கள் பயந்தார்கள். இந்தச் சிகிச்சையில் கடும் ஜுரம் வருவதுண்டு. சிலருக்குப் பேச்சுக் குழறும், வலிப்பும் வரும். ஏற்கெனவே மூளையில் கட்டி இருப்பவருக்கு இதைக் கொடுக்கலாமா? 2017-ல் அமெரிக்காவில் லிம்போமாவுக்கு அனுமதி கிடைத்தபோது, அதற்கு முந்திய சோதனைகளில் மூளை நோயாளிகளைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதே 2017-ல்தான் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் ஒரு மூதாட்டியின் கதை வெளிவந்தது. லிம்போமா எந்த மருந்துக்கும் அடங்காமல் மூளைக்கும் போய்விட்டது. கார்-டி ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் மூளைக் கட்டி மறைந்தது! விசேஷம் அதோடு முடியவில்லை. பின்னர் தோலுக்கடியில் நோய் மறுபடி தலை காட்டியது. சோதனைக்காக அதில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். புதிதாக ஒரு மருந்தும் கொடுக்காமலே, உடம்பில் ஓய்ந்து கிடந்த யாளிப் படை தானாகப் பெருகி அதையும் ஒழித்துவிட்டது. உயிருள்ள மருந்து என்று இதைச் சொல்வது அலங்காரப் பேச்சல்ல.

2022-ல் மூளையிலேயே தோன்றும் லிம்போமா திரும்பி வந்த 12 பேருக்கு இதைக் கொடுத்த விவரம் வெளியாயிற்று. 7 பேருக்குப் பலன். அதில் 6 பேருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. பன்னிரண்டு பேர் என்பது சின்னக் கணக்கு. மற்ற ஐந்து வீடுகளையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கையை விரித்த இடத்தில் ஆறு என்பது சாமானியமா?

சரி, விலை? அமெரிக்காவில் முதல் கார்-டி மருந்துக்கு 2017-ல் வைத்த விலை 4,75,000 டாலர். அடிவாரத்துக் கடை, வீடு, நிலம் எல்லாம் விற்றாலும் கட்டுப்படியாகாது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினரும் டாடா நினைவு மையத்து டாக்டர்களும் சேர்ந்து உள்நாட்டிலேயே ஒன்றைச் செய்தார்கள். பெயர் நெக்ஸ்கார்19. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ல் ஜனாதிபதி திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விலை நாற்பது லட்சத்தை ஒட்டி. பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் நாற்பது லட்சம் நாற்பது லட்சம்தானே!

அடிவாரத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே அணுக்களை வெளியூர்த் தொழிற்சாலைக்கு அனுப்பாமல், ஆஸ்பத்திரியிலேயே ஒன்பது நாளில் தயாரித்துப் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. லிம்போமா ஒன்பது நாளில் ஓடும் தூரத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும். செலவை இறக்குவதும் அவர்களுடைய நோக்கம். மூளைக்குப் பரவிய நோயாளி இதற்கு ஏற்றவரா என்பதை ரத்தப் புற்றுநோய் நிபுணர் ஒருவரையொருவராகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே, 'மூளைக்கு ஏறிவிட்டது' என்று சொன்ன அன்றே, இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. உடம்பு தளர்ந்து, டி அணுக்களும் ஓய்ந்தபின் போவதில் பயன் குறைவு.

அணுக்களை ஏற்றிய பிறகு வரும் நாட்களில் டாக்டர்கள் விடும் பரீட்சை ஒன்று உண்டு. இன்று என்ன மாதம்? இது எந்த ஊர்? நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுங்கள். கடைசியில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்றைய கையெழுத்தையும் இன்றைய கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எழுத்துக் கோணினால் மூளை சிரமப்படுகிறது என்று அர்த்தம், உடனே மருந்து. கோடு நேராகவே இருந்தால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களிடம் நர்ஸ் அந்தத் தாளைக் காட்டிவிட்டுப் போவார்.