அத்தைக்கு ரெண்டு ரிசல்ட்... எது நிஜம்?

ஜூன் பிறந்துட்டா போதும், நீங்க எல்லாரும் எங்க ஊருக்கு வந்துடுவீங்க. தோள்ல துண்டு, கையில எண்ணெய் பாட்டில், ஐந்தருவியில ஒரு குளியல், பழைய குற்றாலத்துல இன்னொண்ணு, பார்டர் பரோட்டா, அப்புறம் டாட்டா பை பை. தென்காசிக்காரங்க எங்களுக்கு அந்த நாட்கள்ல நடக்குறது வேற. ஆரியங்காவு கணவாய் வழியா நுழையுற மேகம் தலைக்கு மேலேயே டென்ட் அடிச்சுப் படுத்துக்கும். துவைச்ச ஜீன்ஸ் காய மூணு நாள் ஆகும்!

அப்படி ஒரு சாரல் மாசத்துலதான் என் அத்தைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். கீழப்பாவூர் பக்கம் கிராமம். 30 வருஷமா பீடி சுத்துறாங்க. வீட்டு நடையில காலை நீட்டி, மடியில தட்டோட உட்கார்ந்தா எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிடும். இடுப்பு வலி, தொடை வலி. மாடிப்படி ஏறினா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுதான் ஏறணும். 'வயசாச்சுல்லா'ன்னு சொல்லியே நாலு வருஷம் வலி மாத்திரையில ஓடிடுச்சு. கடைசியா ஒரு டாக்டர்தான் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார்.

முதல் லேப்ல 11.2. சந்தேகத்துக்கு அதே வாரம் இன்னொரு லேப்ல கொடுத்தோம். 17.8! ரெண்டு பேப்பரையும் என் முன்னால போட்டு அத்தை கேட்டாங்க: "ஏ மக்கா, நீ இன்ஜினீயருக்குத்தான படிக்க... ரெண்டு இடத்துலயும் என் ரத்தத்ததான எடுத்தானுவ? இதுல எவன்டே பொய் சொல்லுதான்?"

நான் படிக்கிறது இன்ஸ்ட்ருமென்டேஷன். 'அளவீடு' என்பதே எங்க டிபார்ட்மென்ட்டோட குலதெய்வம். மானப் பிரச்னை ஆகிடுச்சு பாஸ்!

தேட ஆரம்பிச்சதும் முதல் ஷாக். வைட்டமின் டி உண்மையில வைட்டமினே இல்லை. வைட்டமின்னா உடம்பால செய்ய முடியாம சாப்பாட்டுல எடுத்துக்கிறது. இதை நம்ம தோலே செய்யுது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால்னு எல்லா ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் தாய்வீடு கொலஸ்ட்ரால்தானே? அந்தக் கொலஸ்ட்ராலுக்கு ஒரு படி முன்னால இருக்கிற 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால்னு ஒரு பொருள் நம்ம தோல் செல்லுக்குள்ள இருக்கு. சூரியனோட புற ஊதா பி கதிர், அதாவது சுமார் 290-லிருந்து 315 நானோமீட்டர் வரைக்கும் உள்ள கதிர், அதுமேல பட்டதும் ஸ்டீராய்டோட நாலு வளையத்துல ஒண்ணு 'டக்'னு திறந்துக்குது. வைட்டமின் டி-யோட பிறப்பு இதுதான். செல்லுக்குள்ளேயே நடக்குறதால அருவி அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு பயப்பட வேண்டாம்!

பிறந்ததும் வேலைக்குப் போகாது. முதல்ல கல்லீரல். அங்கே ஒரு ஹைட்ராக்ஸில் ஒட்டி 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகுது. இதைக் கண்டுபிடிச்சது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்டர் டிலூகா குழு, 1968-ல். அடுத்து சிறுநீரகம். அங்கே இன்னொரு ஹைட்ராக்ஸில். அந்த வேலை சிறுநீரகத்துலதான் நடக்குதுன்னு 1970-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃப்ரேசரும் கோடிசெக்கும் காட்டினாங்க. இப்போதான் அது முழு ஹார்மோன். சாப்பாட்டுல இருந்து கால்சியத்தை இழுத்துக்கச் சொல்லி குடலுக்கு ஆர்டர் போடுறது இதுதான்.

ஆனா லேப்ல அளக்குறது கடைசி ஹார்மோனை இல்லை, நடுவுல இருக்கிற 25-ஐ. ஏன்னா ஹார்மோன் சில மணி நேரத்துல காலி. நடுவுல இருக்கிறவர் ரெண்டு மூணு வாரம் ரத்தத்துல தங்குவார். குழாயில எவ்வளவு வருதுன்னு பார்க்காம மொட்டைமாடி டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு பார்க்குற மாதிரி.

எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? ஒரு மில்லிலிட்டர்ல 20 நானோகிராம் இருந்தாலே பரவாயில்லைனு சொல்வாங்க. அதாவது 1,000 லிட்டர் தண்ணி டேங்க்ல 20 மில்லிகிராம் உப்பு. விரல் நுனியில ஒட்டுற சில கல்! அதைக் கண்டுபிடிச்சு, எடை போட்டு, தசம புள்ளியோட பிரின்ட் எடுத்துக் கொடுக்கணும். 'எவன் பொய் சொல்லுதான்'னு கேட்குறதுக்கு முன்னால, இதை அளக்க முடியுறதே ஆச்சரியம்னு தோணுச்சு.

அந்த ஆச்சரியத்தை ஆரம்பிச்சு வெச்சவங்க ரோசலின் யாலோ. நியூயார்க்ல ஒரு முன்னாள் ராணுவ வீரர்கள் மருத்துவமனையில வேலை பார்த்த இயற்பியல் பொண்ணு. கூட்டாளி டாக்டர் சாலமன் பெர்சன். இன்சுலின் எடுத்துக்கிறவங்க உடம்புல அதுக்கு எதிரா ஆன்டிபாடி உருவாகுதுன்னு இவங்க எழுதின கட்டுரையை 1955-ல் ஒரு ஜர்னல் திருப்பி அனுப்பிடுச்சு. அதே ஆன்டிபாடியை வெச்சே கொஞ்ச வருஷத்துல ரத்தத்துல இன்சுலினை அளந்து காட்டினாங்க. 1977-ல் நோபல் வாங்கினப்போ, அந்த நிராகரிப்புக் கடிதத்தைத் தன் நோபல் உரையிலேயே சேர்த்தாங்க யாலோ. கெத்து! பெர்சன் 1972-லயே இறந்துட்டதால அவருக்குப் பரிசு கிடைக்கலை.

அந்த முறை எப்படின்னா... தென்காசி - நெல்லை பாசஞ்சர்ல 100 சீட் இருக்குன்னு வைங்க. சீட்தான் ஆன்டிபாடி. சிவப்புச் சட்டை போட்ட 100 பேரை நாமளே அனுப்புறோம். கூடவே அத்தை ரத்தத்துல இருக்கிற சாதாச் சட்டைக்காரங்களும் ஏறுறாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் சீட்டுக்கு அடிதடி. கடைசியில உட்கார்ந்திருக்கிற சிவப்புச் சட்டையை மட்டும் எண்ணினா போதும். சிவப்பு குறைஞ்சா சாதாச் சட்டைக் கூட்டம் ஜாஸ்தின்னு அர்த்தம். அப்போ சிவப்புக்குப் பதில் கதிரியக்கம், இப்போ பெரும்பாலும் ஒளி விடுற ரசாயனம்.

பிரச்னை எங்கேன்னா, முகஜாடை ஒண்ணா இருக்கிற சித்தப்பா பசங்களும் வந்து சீட்டுல உட்கார்ந்துடுவாங்க! ஸ்டீராய்டு குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. ஒரு ஹைட்ராக்ஸில் அங்கே இங்கே மாறியிருக்கும், அவ்வளவுதான். அதோட வைட்டமின் டி ரத்தத்துல தனியா சுத்தாது. ஒரு புரதத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டே சுத்தும். அதைப் பிரிச்சு எடுத்தாதான் எண்ண முடியும். பிரிக்கிறதுல ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு விதம்.

இன்னொரு முறை, எல்.சி-எம்.எஸ்/எம்.எஸ். கலவையை ஒரு குழாய் வழியா ஓட விட்டு ஆளாளுக்குப் பிரிச்சு, ஒவ்வொரு மூலக்கூறையும் எடை போட்டு, உடைச்சு, உடைஞ்ச துண்டையும் எடை போடுறது. சித்தப்பா பையன் வேஷம் பெரும்பாலும் இங்கே செல்லாது. பெரும்பாலும்தான்! ஒரே எடையில 'எபிமர்'னு ஒரு இரட்டைப் பிறவி உண்டு, குறிப்பா கைக்குழந்தைங்க ரத்தத்துல. அது இந்த மெஷினையும் ஏமாத்தப் பார்க்கும்.

அத்தையோட பேப்பரை மறுபடி பார்த்தேன். கீழே பொடி எழுத்துல இருந்துச்சு. ஒண்ணு ஒளி முறை, இன்னொண்ணு எடை முறை! பொய் சொன்னவன் யாரும் இல்லை, அளவுகோல்தான் வேற. ஆளாளுக்கு ஒரு அளவுகோல் வைக்கக்கூடாதுன்னுதான் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2009-ல் வைட்டமின் டி-க்குன்னே அளவு தெரிஞ்ச ரத்தச் சீரத்தை வெளியிட்டுச்சு. நம்ம வேலூர் சி.எம்.சி-யும் நாடு முழுக்க உள்ள லேப்களுக்கு மாதிரிகளை அனுப்பி, அவங்க கண்டுபிடிச்ச ரிசல்ட்டை மத்த லேப்களோட ஒப்பிட்டு மார்க் போடுற திட்டத்தை நடத்துது. லேப்புக்கே இன்டர்னல் டெஸ்ட்!

'சும்மா ஒரு நம்பர்தானே'னு நினைக்காதீங்க. ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்தை 2014-ல் ஓட விடாம தடுத்தது ஒரு ஸ்டீராய்டு நம்பர்தான், டெஸ்டோஸ்டிரோன். 2011-ல் சர்வதேச தடகளச் சங்கம் வெச்ச எல்லை லிட்டருக்கு 10 நானோமோல். விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015-ல் அந்த விதியையே நிறுத்தி வைக்க வெச்சார் டூட்டி. 2018-ல் வந்த புது விதியில எல்லை 5, சில ஓட்டங்களுக்கு மட்டும். 2023-ல் 2.5. மனுஷங்க அதேதான், கோடுதான் நகருது. பெண்கள் ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் கம்மி என்பதால சாதா ஆன்டிபாடி முறை அங்கே தடுமாறும். அதனால 2018 விதியிலேயே எடை முறைதான் வேணும்னு எழுதி வெச்சாங்க.

இதுல உங்க ஹாஸ்டல் ரூமுக்கும் ஒரு சமாச்சாரம் இருக்கு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறீங்கல்ல? பல மெஷின்கள் சீட்டை ஒட்டி வைக்கப் பசையா பயன்படுத்துறதே பயோட்டின்தான்! ரத்தத்துல அது ஜாஸ்தியா இருந்தா வைட்டமின் டி, டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பொய்யா கூடிக் காட்டலாம். 2017-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதைப் பத்தி எச்சரிக்கையே விட்டுச்சு. ரத்தம் கொடுக்குறதுக்கு முன்னால சொல்லிடுங்க.

சரி, வெயில் கொட்டுற ஊர்ல எப்படி இந்தக் குறை? 2000-ல் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. குளிர்காலத்துல வெளியே பயிற்சி எடுக்குற ராணுவ வீரர்களுக்கு அளவு சுமார் 19. டாக்டர், நர்ஸ்களுக்கு சுமார் 3! ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தா சூரியன் தேடி வருமா? திருப்பதியில டாக்டர் ஹரிநாராயண் குழுவும் வயல்ல வேலை செய்யுற கிராமத்து ஆண்களுக்கு நகரத்துக்காரங்களைவிட அளவு அதிகம்னு பார்த்தாங்க. அப்புறம் ஒரு சூப்பர் பரிசோதனை. 7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலைக் கண்ணாடிக் குப்பியில அடைச்சு, மணிக்கு ஒண்ணா வெயில்ல வெச்சு, எவ்வளவு மாறுதுன்னு அளந்தாங்க. 2013-ல் வெளியான அந்த ரிசல்ட்படி, காலை 11-லிருந்து மதியம் 2 வரைதான் உச்சம். 'இளவெயில்தான் நல்லது'ன்னு காலை ஆறரைக்கு வாக்கிங் போற அங்கிள்கள் மன்னிக்கணும்.

கால்குலேட்டரோட நானும் மொட்டைமாடிக்குப் போனேன். தென்காசி 9 டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவுல, சித்திரை பிறக்குற சமயம், நடுப்பகல் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேலே. ஆகஸ்ட் கடைசியில மறுபடி. மார்கழிக் குளிர்ல கூட நடுப்பகல்ல 58 டிகிரி உயரம். அதாவது உங்க நிழல் உங்களைவிடக் குட்டை. பாஸ்டன்ல நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை வெயில்ல நின்னாலும் தோல்ல டி உருவாகாதுன்னு 1988-லயே காட்டியிருக்காங்க. நமக்கு வருஷம் பூரா வாய்ப்பு இருக்கு. சாரல் மேகம் அதைக் குறைக்கும். ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட மொத்தத்தையும் தடுத்துடும். கறுப்புத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட நேரம் பல மடங்கு வேணும்.

அதுக்காக எல்லாரும் டெஸ்டுக்கு ஓடணுமா? வேண்டாம்னுதான் 2024-ல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டியே சொல்லிடுச்சு. 30 இருக்கணும்னு 2011-ல் சொன்னதும் அவங்கதான், இப்போ அந்த எல்லையை அவங்களே கைவிட்டுட்டாங்க. 25,871 பேரை வெச்சு அமெரிக்காவுல நடந்து 2018-ல் ரிசல்ட் வந்த வைட்டல் ஆய்வுல, தினம் 2,000 யூனிட் மாத்திரை புற்றுநோயையோ மாரடைப்பையோ தடுக்கலை. ஆனா அத்தை மாதிரி எலும்பு வலியோட படி ஏற முடியாம இருக்கிறவங்க கதை வேற. அவங்களுக்குப் பார்த்தே ஆகணும்.

ரெண்டு பேப்பரையும் பார்த்த டாக்டர் சிரிச்சார். "ரெண்டுமே 20-க்குக் கீழதான். வைத்தியம் ஒண்ணுதான்." வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், கூடவே கால்சியம். வாரம் ஒண்ணுதான்னு மூணு தடவை சொன்னார். தினமும் ஒண்ணுன்னு நினைச்சுச் சாப்பிட்டா ரத்தத்துல கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வெயில்ல அந்த ஆபத்து இல்லை. மிஞ்சினதைத் தோலே வேற பொருளா மாத்திடும். காலண்டர்ல ஞாயித்துக்கிழமைகளை நான்தான் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

"அப்படியே பதினோரு மணிக்கு வெளியே உக்காந்து பீடி சுத்துங்க அத்தை"ன்னேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "வெயில்ல வெச்சா எல காஞ்சு ஒடிஞ்சிரும்லா. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, ஒடிஞ்ச எலைக்கு எவன் தருவான்?"

என் கால்குலேட்டர்ல அதுக்குப் பட்டன் இல்லை. இலை ஈரமா இருக்கணும், தோல் வெயில்ல இருக்கணும். அப்புறம் அத்தையே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சாயங்காலம் எடுத்துக்கிட்டிருந்த ரேஷன், குடிதண்ணி, ஆட்டுக்குக் குழை வேலைகளை முன்பகலுக்கு மாத்திக்கிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை உஷாரா அதே லேப், அதே முறை: 17.8 இப்போ 26. போன வாரம் மாடியில வத்தல் காயப்போட அவங்களே ஏறிப் போனாங்க. இறங்கி வந்து கேட்டாங்க, "பழைய லேப்ல பாத்திருந்தா எம்புட்டு வந்திருக்கும்டே?"