குடியாத்தத்தில் ஓர் இறுதிப்போட்டி

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதிப்போட்டியின் ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய பந்து சென்னையின் எஃப்.சி.யின் வலைக்குள் போகிறது. கேலரி அதிர்கிறது. ஆட்டத்தை இங்கே வைப்பதென்று முடிவெடுத்தபோது எந்த இரண்டு அணிகள் வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஏட்டளவில் இது பொது மைதானம். காதளவில் அப்படிச் சொல்ல முடியாது.

சொந்த மண்ணில் ஆடினால் தெம்பு கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தெம்பு எங்கே புகுந்து வேலை செய்கிறது என்று தேடிப் போனவர்களின் கண்ணில் பட்டவர் நடுவர். ஆலன் நெவில் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இது. லிவர்பூலின் மைதானத்தில் லெஸ்டர் சிட்டி ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை எடுத்து, தகுதிபெற்ற 40 நடுவர்களுக்கு வீடியோவில் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் கூச்சலோடு, இன்னொரு பிரிவினருக்கு ஊமைப்படமாக. கூச்சலைக் கேட்டவர்கள் லிவர்பூலுக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள், கேட்காதவர்கள் கொடுத்ததைவிட 15.5 சதவீதம் குறைவு. அதற்காக லெஸ்டர் மீது கூடுதலாக விசில் ஊதிவிடவும் இல்லை. உள்ளூர்க்காரரைக் கண்டிக்கத்தான் தயக்கம். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழுகிறோமே, அது மாதிரி.

ஸ்பெயின் லீக்கை அலசிய பொருளாதார ஆய்வாளர்கள் 2005-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது தரப்படும் இஞ்சுரி டைமைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அது ஒரு கோல் பின்தங்கும்போது தரப்படுகிறது. ஒரு கோலில் எதுவும் மாறாது என்ற நிலை வந்துவிட்டால் இந்தக் கரிசனம் காணாமல் போகிறது. பயனில்லாத இடத்தில் மனசு தானாகவே நேர்மைக்குத் திரும்பிவிடும் போலிருக்கிறது.

அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவில் வைத்துவிடலாமே? சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்கோட்டில் சுமார் 290 கி.மீ. நடுப்புள்ளி குடியாத்தம் பக்கத்தில் விழுகிறது. ஆளுக்கு 145 கி.மீ., யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு அணிக்கு 20,000 ரசிகர்கள், மற்றதற்கு 10,000 என்று வைத்துக்கொண்டு எல்லோருடைய பயணத்தையும் கூட்டிப் பாருங்கள். குடியாத்தத்தில் ஆட்டம் என்றால் 43.5 லட்சம் கி.மீ. பெரிய கூட்டத்தின் ஊரிலேயே வைத்தால் 29 லட்சம்தான். மைதானத்தை அந்த ஊர்ப்பக்கம் ஒரு கி.மீ. நகர்த்தினால் 20,000 பேருக்கு ஒரு கி.மீ. மிச்சம், 10,000 பேருக்கு ஒரு கி.மீ. நஷ்டம். நகர்த்த நகர்த்த லாபம், ஊர் எல்லையைத் தொடும்வரை. டீசல் கணக்கு பார்ப்பவர் பெரிய அணியின் சொந்த மைதானத்தைக் காட்டுவார், நியாயம் பார்ப்பவர் குடியாத்தத்தைக் காட்டுவார். இரண்டும் ஒரே புள்ளியில் சேரவே சேராது.

இரண்டு அணிகளும் ஒரே ஊர் என்றால்? அதே 2018-இல் தென் அமெரிக்காவின் கோப்பா லிபர்ட்டடோரஸ் இறுதிக்கு வந்த ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் இரண்டுமே புவனோஸ் ஐரஸ்காரர்கள். ஆளுக்கொரு ஆட்டம் தங்கள் மைதானத்தில் என்று ஏற்பாடு. இரண்டாவது ஆட்டத்துக்கு வந்த போகா அணியின் பேருந்தை ரிவர் ரசிகர்கள் தாக்கினார்கள். கண்ணாடி நொறுங்கி வீரர்களுக்குக் காயம். ஆட்டம் சுமார் 10,000 கி.மீ. தள்ளி மாட்ரிட்டுக்குப் போனது. தென் அமெரிக்காவை ஸ்பெயினிடமிருந்து விடுவித்தவர்களின் நினைவாகப் பெயர் வைத்த கோப்பை அது. 'வெள்ளையனே வெளியேறு' கோப்பையின் இறுதியை லண்டனில் நடத்தியது மாதிரி. சொந்த மைதானத்தைப் பறிகொடுத்த ரிவர்தான் அங்கே 3-1 என்று வென்றது.

அணிகள் முடிவாவதற்கு முன்பே ஊரை அறிவித்துவிடுவதுதான் ஐரோப்பாவின் வழி. யார் வருவார் என்றே தெரியாதபோது யாருக்குச் சாதகம் செய்ய முடியும்? நல்ல தந்திரம்தான். ஆனாலும் ஐரோப்பியக் கோப்பை இறுதிக்குச் சொந்த மைதானத்துக்காரரே நான்கு முறை வந்து நின்றிருக்கிறார். 1957-இல் ரியல் மாட்ரிட்டும் 1965-இல் இன்டர் மிலானும் வென்றன. 1984-இல் ரோமாவும் 2012-இல் பயர்ன் மியூனிக்கும் தம் மக்கள் பார்க்கப் பெனால்டியில் தோற்றன.

கண்டீரவாவிலும் கூச்சல் கரைசேர்க்கவில்லை. சென்னையின் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி வலையில் சேர்த்தார். ஆட்டம் 3-2 என்று சென்னைக்கு. 2015-இலும் கோவா அணியின் ஃபதோர்தா மைதானத்தில் 90-வது நிமிடம் நெருங்கும்வரை பின்தங்கியிருந்து, அதே கணக்கில் கோப்பையைத் தூக்கி வந்த அணி இது.

2020 மார்ச் 14 அன்று மறுபடி அதே ஃபதோர்தா. எதிரில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. இருவருக்கும் வெளியூர். கொரோனாவால் கேலரிக்குள் ஒரு ரசிகர்கூட இல்லை, நடுவர் காதில் ஓதவும் ஆளில்லை. அதைவிடப் பொதுவான மைதானம் அமையாது. சென்னை 1-3 என்று தோற்றது.