கறுக்காத படமும் கூடிப்போகும் கதிரும்

பிலிமில் எக்ஸ்ரே எடுத்த காலத்தில் கதிர் கூடினால் படமே காட்டிக்கொடுத்துவிடும். கறுத்துப்போய் எதற்கும் உதவாது. டிஜிட்டல் கருவியில் அப்படி இல்லை. படத்தின் கறுப்பு வெளுப்பைக் கணினி சரிசெய்துவிடும். கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கூடினால் இன்னும் தெளிவாகவே வரும். மறுபடி எடுக்க நேரிடுமோ என்று டெக்னீஷியன் அளவைச் சற்றுக் கூட்டுவார். நல்ல படத்தை யாரும் குறை சொல்வதில்லை. நாளடைவில் அதுவே வாடிக்கையான அளவாகிவிடும்.

குழந்தைகளிடம் இது பெரிய விஷயம். வளரும் திசுக்களைக் கதிர் எளிதில் பாதிக்கும். பாதிப்பு வெளிப்படுவதற்கான ஆயுளும் அவர்களுக்கு நீளம். அதற்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த எக்ஸ்ரேயைத் தவிர்ப்பதும் தவறு. பெரியவர் ஒருவரின் மார்பு எக்ஸ்ரேயில் உடலுக்குச் சேர்வது சுமார் 0.02 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். கணக்கிட்டால் ஒரு மார்பு எக்ஸ்ரே அதில் மூன்று நாள் பங்கு. கவனிக்க வேண்டியது, தேவையில்லாமல் எடுப்பதையும் திரும்பத் திரும்ப எடுப்பதையும்தான்.

காஞ்சிபுரம் பக்கம் கதிர்வீச்சு என்றதும் கல்பாக்கம் அணுமின் நிலையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கை எக்ஸ்ரே அறை வரை நீள்கிறது. ஏனாத்தூரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; நெசவாளர் தெருக்களுக்கு அருகே சிறிய எக்ஸ்ரே நிலையங்களும் உண்டு. எதுவானாலும் கருவியை இயக்க வாரியத்தின் அனுமதி வேண்டும்.

அளவைக் கட்டுக்குள் வைக்கும் வேலை பெரும்பாலும் டெக்னீஷியன் கையில்தான். தேவையான இடத்தில் மட்டும் கதிர் விழும்படி பரப்பைச் சுருக்குவது முதல் வேலை. கைக்குழந்தையின் மார்பை எடுக்கும்போது வயிறும் தலையும் படத்தில் வர வேண்டியதில்லை. ஒல்லியான உடலில் கதிர் அதிகம் சிதறாது. அங்கே சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட் என்ற தட்டை வைத்தால், அது விழுங்கும் கதிரை ஈடுகட்ட அளவை இரட்டிப்பாக்கவோ அதற்கும் மேலே கூட்டவோ நேரும்; கிரிட்டை அகற்றிவிடுவதே மேல். செம்பு, அலுமினியத் தகடுகள் உடலிலேயே தங்கிவிடும் வலுவற்ற கதிரை முன்னதாகவே வடிகட்டும். குழந்தை அசைந்துவிடும் என்பதால் நேரமும் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

பிறப்புறுப்பின்மேல் ஈயத்துண்டு வைக்கும் பழைய வழக்கத்தை 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் கைவிடச் சொன்னது. இடம் தப்பினால் பார்க்க வேண்டிய எலும்பையே அது மறைக்கும். தானியங்கிக் கருவியின் உணரியை மறைத்தால் கருவி கதிரைக் கூட்டவும் செய்யும்.

பிலிமின் கறுப்பு சொன்னதை இப்போது ஓர் எண் சொல்கிறது. உணர்தகட்டில் விழுந்த கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை அது காட்டும்: பூஜ்யம் என்றால் சரி, கூட்டல் 3 என்றால் இரு மடங்கு, கழித்தல் 3 என்றால் பாதி. குழந்தையின் உடல் வாங்கிய அளவு அதுவல்ல. ஆனால் வாரக்கணக்கில் எண் மேலே ஏறினால், வாடிக்கையான அளவு கூடிவிட்டதை அறியலாம். இலக்கையே பெரியவர்களுக்கானதாக வைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை.

குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால், கர்ப்பிணி அல்லாத ஒருவர் ஈய ஏப்ரன் அணிந்து, கதிர்ப்பாதையில் கை படாமல் நிற்க வேண்டும். முன்பு எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோனால், சில நேரம் புதிதாக எடுக்கும் தேவையே இராது.