கொட்டில் ஆயத்தம்; யானை எங்கிருந்து?

மன்னார்த் தீவிலே இன்று காட்டு யானை இல்லை. பருத்த பெருக்க மரங்கள் உண்டு. தெருவெங்கும் திரியும் கழுதைகள் உண்டு. யானையைக் காண விரும்புவோர் பாலத்தைக் கடந்து பெருநிலம் சென்று, மடுக் காட்டையோ, முசலிக்குத் தெற்கேயுள்ள வில்பத்துக் காட்டையோ நாட வேண்டும். ஆயினும், ஈழத்து யானைகள் கடல் கடந்த வரலாற்றிலே இக்கரைக்கும் ஓர் இடம் உண்டு.

அவ்வரலாற்றைக் கற்பிக்கும் வேளையில் மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். தூரதேசத்து மிருகக்காட்சிச்சாலை ஒன்று நல்ல கொட்டில் அமைத்து, நீராடத் தடாகமும் கட்டி, அன்போடு காத்திருக்குமாயின் நமது யானை ஒன்றை அங்கு அனுப்புவதிலே என்ன பிழை? அந்நாட்டுப் பிள்ளைகளும் யானையைக் காண வேண்டாமா? இதுவே அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். அன்று மணியடித்துவிட்டமையால் அவனுக்கு முழு விடை கூற இயலவில்லை. அதனை இங்கே கூற முயல்கின்றோம்.

கப்பலேறிய யானைகள்

ஈழத்தவர் பெரிய மரக்கலங்கள் செய்து, அவற்றில் யானைகளை ஏற்றிச் சென்று கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று ஈலியன் என்னும் உரோம நாட்டு ஆசிரியர் எழுதிவைத்தார். அவர் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முற்பட்டவர். 12ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவிலே உள்ளது. யானைகளையும் குதிரைகளையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், அதில் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும் என்று அது விதிக்கின்றது. கலம் உடைந்தால் என்ன செய்வது என்று சட்டம் வகுக்குமளவுக்கு யானை வாணிகம் வளர்ந்திருந்தது!

பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்தனர். வன்னித் தலைவர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளையே திறையாகச் செலுத்தினர். யாழ்ப்பாணத்திலே யானைச் சந்தை கூடியது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்து வாங்கினர். ஆனையிறவு என்னும் ஊர்ப்பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. ஆங்கிலேயர் காலத்திலே மன்னார்க் கரையிலிருந்தும் யானைகள் கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. வார்க்கயிற்றைக் காலிலே வீசி யானையைத் தளைக்கும் முஸ்லிம் பணிக்கர்களின் துணிவைக் கண்டு வெள்ளையர் வியந்து எழுதினர்.

அதே ஆங்கிலேயர் ஆட்சியில் யானையைக் கொல்வோர்க்குப் பரிசுப் பணமும் வழங்கப்பட்டது. 1848ஆம் ஆண்டுக்கு முன் மூன்றாண்டுகளும் நிறையாத காலத்திலே, வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் தெனந்து எழுதியுள்ளார். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியை அக்காலம் வேறொரு வகையிலே மெய்ப்பித்தது.

இந்த நீண்ட வரலாற்றிலே விலைக்குக் கணக்கு உண்டு; வரிக்குக் கணக்கு உண்டு; உடைந்த கலத்துக்கும் கணக்கு உண்டு. பிடிபட்ட கன்றைத் தேடிக் காட்டிலே நின்ற தாயைப் பற்றிய கணக்கு மட்டும் எங்கும் இல்லை.

நந்தி போகவில்லை

இனி நமது காலத்துக்கு வருவோம். நியூசிலாந்து நாட்டின் ஒக்லாந்து நகர மிருகக்காட்சிச்சாலையிலே பர்மா, காசின் என இரு பெண் யானைகள் இருந்தன. 2009இல் காசின் இறந்தது, பர்மா தனித்தது. தனித்த யானைக்குத் துணை தேட வேண்டும், பின்னர் ஒரு சிறு மந்தையையே அமைக்க வேண்டும் என்று அச்சாலையினர் எண்ணினர். எண்ணம் நல்லதே. இலங்கை அரசு பின்னவலையில் பிறந்த அஞ்சலி என்னும் இளம் யானையை வழங்கியது. அஞ்சலி நியுவே என்னும் சிறு தீவிலே சில மாதங்கள் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, 2015ஆம் ஆண்டு ஒக்லாந்தை அடைந்தது.

அடுத்த ஆண்டு நந்தி என்னும் மற்றொரு பெண் யானையை நமது அரசுத் தலைவர் நியூசிலாந்துப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார். கொட்டில் ஆயத்தம், பாகர் ஆயத்தம். ஆனால் 2017இல் நந்தி புறப்பட இருந்த வேளையிலே, சூழல் ஆர்வலரும் பௌத்த துறவியரும் கொழும்பிலே மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். பயணம் தடைப்பட்டது. நந்தி போகவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. தம்மிடத்திலே முழுமையான மந்தையொன்றை உருவாக்க இயலாது என்பதை 2020இல் ஒக்லாந்துச் சாலையினரே ஒப்புக்கொண்டனர். 2022இல் அஞ்சலியும் 2024இல் பர்மாவும் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டன. நந்தி சென்றிருந்தால் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்திருக்கும் அன்றோ?

கொட்டில் எதனைத் தரும்?

ஒரு யானைக்குக் கொட்டில் அமைப்பது எளிதன்று. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் தீன் உண்ணும். நூறு லீற்றருக்கு மேல் நீர் அருந்தும். சீமெந்துத் தரையிலே நெடுங்காலம் நிற்கும் யானைக்குப் பாதநோய் வரும். ஆகவே ஆழமான மணல் தரை வேண்டும். நடக்க நிலமும், குளிக்க நீரும், உராய மரமும் வேண்டும். நல்ல மிருகக்காட்சிச்சாலைகள் இவற்றையெல்லாம் பெரும் பொருட்செலவில் இன்று செய்கின்றன. அதனை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் பணம் கொடுத்துக் கட்ட முடியாத ஒன்று உண்டு. அதுவே மந்தை. யானை இருபது மாதங்களுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரு கன்றை ஈனும். பெண்கன்று பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தாயோடும் அதன் உறவோடும் வாழும். வறட்சியிலே எக்குளத்தில் நீர் எஞ்சியிருக்கும் என்பதையும், குட்டியை எவ்வாறு காப்பது என்பதையும் முதிய யானைகளிடமிருந்தே இளையவை கற்கின்றன. நமது கூட்டுக் குடும்பத்திலே பாட்டியாரின் இடம் எதுவோ, அதுவே மந்தையிலே மூத்த பெண் யானையின் இடம்.

அதனை இழந்த யானையின் நிலையைக் காவன் என்னும் ஆண் யானையின் வாழ்வு காட்டியது. 1985இல் இலங்கை அதனைக் கன்றாகப் பாகிஸ்தானுக்கு அன்பளிப்புச் செய்தது. இஸ்லாமாபாத்திலே அதற்குத் துணையாயிருந்த சகேலி என்னும் பெண் யானை 2012இல் இறந்தது. அதன் பின்னர் காவன் தலையை இடமும் வலமும் ஆட்டியவாறே நாட்களைக் கழித்தது. 2020 நவம்பரிலே அதனை விமானத்தில் ஏற்றிக் கம்போடியா நாட்டுச் சரணாலயமொன்றுக்கு அனுப்பினர். அன்பளிப்பு என்ற அழகிய சொல் யானைக்குப் பொருளற்றது.

நமது வீட்டுக் கணக்கு

பிறரைக் குறை கூறுமுன் நமது வீட்டையும் பார்க்க வேண்டும். 2001இல் தாய்லாந்து நமக்கு அளித்த முத்துராஜா என்னும் யானை, நோயுற்றும் நலிந்தும், 2023 ஜூலையிலே விமானமேறித் தன் நாட்டுக்கே திரும்பியது. காட்டிலே கன்றுகளைக் களவாடி, பொய்ப்பதிவுகளால் அவற்றை வளர்ப்பு யானைகளாக்கிய குற்றச்சாட்டுகளும் நமது நீதிமன்றங்களுக்கு வந்தன. 2021இல், கைப்பற்றப்பட்ட யானைகளுள் பல, முன்பு வைத்திருந்தவர்களிடமே திரும்பச் சேர்ந்தன.

இங்கே இருந்தால் மட்டும் யானை வாழ்கின்றதா என்று ஒருவர் வினவலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 காட்டு யானைகள் நம் நாட்டிலே இருந்தன. 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்டவை இறந்தன. வெடியும், மின்வேலியும், புகையிரதமும் அவற்றைக் கொல்கின்றன. யானையால் உயிரிழக்கும் ஏழை விவசாயிகளும் பலர். இது பெருந்துயரம். ஆனால் இதற்கு மருந்து, ஒன்றிரண்டு கன்றுகளை விமானமேற்றுவதன்று. ஊரையும் வயலையும் சுற்றி வேலியிட்டு மக்களைக் காத்து, காட்டையும் வழித்தடத்தையும் யானைக்கு விடுவதே மருந்து.

அநாதைக் கன்றுகளுக்கும் வழி உண்டு. பின்னவலைச் சரணாலயத்தை யாவரும் அறிவர். ஆனால் அது முதலிலே நமது மன்னார் மாவட்டத்தை அடுத்த வில்பத்துக் காட்டிலேயே தொடங்கியது என்பதைப் பலர் அறியார். பின்னர் வெந்தோட்டைக்கும் தெகிவளைக்கும் மாறி, 1975இல் பின்னவலையில் நிலைகொண்டது. அங்கு பிறந்த யானைகளுள் பல அங்கேயே வளர்கின்றன. 1995இல் உடவளவையிலே அமைக்கப்பட்ட இடைத்தங்கல் நிலையமோ வேறு வழியைக் காட்டுகின்றது. அங்கே அநாதைக் கன்றுகளுக்குப் பாலூட்டுவர். மனிதரோடு நெருங்கிப் பழகவிடார். சில ஆண்டுகளின் பின் காட்டிலேயே விட்டுவிடுவர். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகள் காடு சேர்ந்துள்ளன. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவிலும், மிருகக்காட்சிச்சாலைகளில் உள்ள யானைகளை வனப்புறத்து முகாம்களுக்கு மாற்றுமாறு 2009இல் மத்திய ஆணையம் பணித்தது.

ஆகவே, மாணவனுக்கு நாம் கூறும் விடை இது: ஒரு மிருகக்காட்சிச்சாலை யானைக்குக் கொட்டில் அமைக்கும்போது, கொட்டில் எவ்வளவு பெரியது என்று கேட்பதோடு நின்றுவிடாதே. யானை எங்கிருந்து வருகின்றது, அங்கே அது யாரை விட்டு வருகின்றது, இங்கே யாரோடு வாழப்போகின்றது என்று கேள். இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்காவிடின் கொட்டில் வெறுமையாய் இருப்பதே நன்று.

தூரதேசத்துப் பிள்ளைகள் யானையைக் காண வேண்டாமா என்றும் அவன் கேட்டான். காணட்டும், இங்கே வந்து காணட்டும். அவர்கள் வரும் நாளிலே காட்டுவதற்கு யானைகளை வைத்திருப்பது நமது கடமை. ஆனைமுகனைத் தொழுது எக்காரியத்தையும் தொடங்கும் நமக்கு இக்கடமையை வேறொருவர் நினைவூட்ட வேண்டியதில்லை.

கோடை முற்றும்போது மோதரகம் ஆற்றங்கரைக்குத் தாயின் காலிடையே நின்று நீரருந்தும் கன்று வரும். அதனைப் பார்க்க எந்தக் கொட்டிலும் வேண்டியதில்லை. சற்றுத் தொலைவிலே சத்தமின்றி நிற்கும் பொறுமை போதும்.