உள்ளே ஆள் இல்லாத போர்க்கப்பல்

ஒரு டம்ளர் தண்ணீர் ஏறத்தாழ 200 மில்லி. சமையலறை மேடையில் சிந்தினால் ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அதே தண்ணீர் ரிமோட்டில் ஓடும் ஒரு மாதிரிப் போர்க்கப்பலுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய ஃப்ளெட்சர் வகை நாசகாரிக் கப்பலின் நீளம் சுமார் 115 மீட்டர்; முழுச் சுமையோடு எடை ஏறத்தாழ 2,500 டன். அதை 144-இல் 1 பங்கு அளவில் செய்தால் நீளம் 80 சென்டிமீட்டர் வரும். ஆனால் எடை 144 மடங்கு குறைவதோடு நிற்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து சுருங்குவதால் ஏறத்தாழ 30 லட்சம் மடங்கு குறைந்துவிடும். ஆக, அந்த நாசகாரி குளத்தில் மிதக்க வேண்டிய எடை ஒரு கிலோகூட இல்லை, 850 கிராமுக்குள்தான். அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஏறுவதும், அசல் கப்பலுக்குள் 600 டன் கடல்நீர் ஏறுவதும் ஒன்று. பல மாத உழைப்பு குளத்தின் நடுவில் பின்பக்கம் தாழ்ந்து அமிழும்போது கரையில் நிற்பவர்கள் காற்றைச் சொல்வார்கள், சிக்னலைச் சொல்வார்கள், விதியைக்கூடச் சொல்வார்கள். என் வாதம் வேறு. மாதிரிப் போர்க்கப்பல்களின் விபத்துகளில் பெரும்பாலானவை ஒரே குறையிலிருந்து பிறக்கின்றன: அந்தக் கப்பலுக்குள் ஆள் இல்லை, ஆள் செய்திருக்கக்கூடிய வேலையை யார் செய்வது என்று கப்பலைக் கட்டியவர் யோசிக்கவும் இல்லை.

1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, கம்பி எதுவும் இல்லாமல் திருப்பிக் காட்டினார். அந்த நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ரேடியோவால் ஓட்டிய முதல் கப்பல்களில் ஒன்று அது. பார்த்தவர்களில் சிலர், உள்ளே பழக்கிய குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்ததாகச் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு கப்பல் ஒழுங்காக ஓடுகிறதென்றால் அதற்குள் கவனிக்க ஒரு ஜீவன் இருக்கத்தானே வேண்டும்? இன்று குளக்கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரில் பீஸ்ஹோம் பூங்கா ஏரி இருக்கிறது. 1927 முதல் கோடைக்காலத்தில் அங்கே மாதிரிப் போர்க்கப்பல்களைக் கொண்டு கடற்போர்க் காட்சி நடத்துகிறார்கள். சுமார் 20 அடி நீளமுள்ள அந்தக் கப்பல்களில் பலவற்றுக்குள் ஆட்களே உட்கார்ந்து ஓட்டுவார்கள். கப்பல் ஒழுகினால் உள்ளே இருப்பவரின் கால் நனையும். உடனே கரை ஒதுங்கிவிடுவார். ரிமோட்டை வைத்துக்கொண்டு 40 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்தக் கால் இல்லை. சாம்பல் நிறக் கப்பல் சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு விரல் அளவு தாழ்ந்து போனால் அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. திருப்பம் சற்று மந்தமாகும், அணியம் கொஞ்சம் நிமிரும், வேகம் குறையும். பேட்டரி இறங்குகிறது என்று நினைத்து விசையை இன்னும் முன்னே தள்ளுவார். அந்தத் தள்ளலே பின்தளத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பின்புறம், புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் குழாய் வழியாக. அந்தப் பித்தளைக் குழாயைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே எஃகுத் தண்டு சுழல்கிறது, இரு முனைகளிலும் தண்டைத் தாங்கும் சிறு புஷ், நடுவில் கிரீஸ். அந்தக் கிரீஸ் தண்டுக்கு மசகு மட்டுமல்ல, தண்ணீருக்கு அணையும்கூட. ஓட ஓடச் சூடேறும், இளகும், வெளியே போய்விடும். போன சீசனில் போட்ட கிரீஸ் காய்ந்து சுருங்கியிருக்கும். இழுவைப் படகின் மாதிரிக்கு இத்தகைய ஓட்டை பெரும்பாலும் ஒன்றுதான். ஃப்ளெட்சருக்கு இரண்டு, ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலுக்கு மூன்று, பிரிட்டனின் ஹூட் கப்பலுக்கு நான்கு. அதோடு போர்க்கப்பலின் தண்டுகள் நீளமானவை, ஏறக்குறையப் படுத்தே கிடப்பவை. குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே வந்துவிட்டால் ஒழுகினாலும் பயமில்லை. இவற்றில் அந்த முனையும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் அமைகிறது. சுக்கான் தண்டின் துளையும் அப்படியே. இத்தனைக்கும் மேலே, தோற்றம் கெடக் கூடாது என்பதற்காகத் திறப்பு மூடியின் விளிம்பைப் பலகைக் கோட்டோடு கோடாக மறைத்துவிடுகிறார்கள். ரப்பர் பட்டை வைத்து இறுக்க அங்கே இடமே மிஞ்சுவதில்லை.

உள்ளே வந்த தண்ணீர் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிச் சேர்ந்து சாய்வைக் கூட்டும். 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸேப்ருகே துறைமுகத்துக்கு வெளியே ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பயணிக் கப்பல் முன்கதவு திறந்தபடியே கிளம்பியது. தடுப்பே இல்லாத வாகனத் தளத்தில் கடல்நீர் புகுந்து ஒரு பக்கம் சரிந்தது; சில நிமிடங்களில் கப்பல் சாய்ந்தது, 193 பேர் இறந்தார்கள். மாதிரிக் கப்பலின் உட்புறமும் தடுப்பில்லாத ஒரு நீண்ட கூடம்தான். பேட்டரியை மாற்றக் கை போக வேண்டும் என்பதற்காக நாமே தடுப்புகளை விட்டுவிடுகிறோம். குறுக்கே இரண்டு மெல்லிய பலகைகளை ஒட்டி, ஒயர் போகும் துளையை சிலிக்கோனால் அடைத்தால் அந்த ஒரு டம்ளர் தண்ணீர் பின்னறையிலேயே நின்றுவிடும். அசல் போர்க்கப்பல் அத்தனையிலும் இருக்கும் இந்த ஏற்பாட்டை, துப்பாக்கிக் குழலின் தடிமன்வரை அளந்து செய்பவர்கள் விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

காற்றைப் பற்றிய வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. அதில் உண்மை நிறைய இருக்கிறது. கப்பலைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்துக் கப்பலின் தன்மையைக் கணிக்கும் முறையை வகுத்த வில்லியம் ஃப்ரூட், நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வேகம் மாறும் என்று காட்டினார். 144-இன் வர்க்கமூலம் 12. மரத்தின் இலைகளையும் சிறு குச்சிகளையும் அசைக்கும் காற்றின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், 144-இல் 1 பங்கு மாதிரிக்கு அது மணிக்கு 180 கிலோமீட்டர் புயல். குளத்தில் எழும் 5 சென்டிமீட்டர் சிற்றலை அதற்கு 7 மீட்டரைத் தாண்டிய பேரலை. பக்கவாட்டுக் காற்றில் மெலிந்த நாசகாரி ஒன்று கவிழ்வதில் வியப்பில்லைதான். ஆனால் இந்தக் கணக்கு கப்பலை இறக்கும் முன்பே கையில் இருக்கிறது. உள்ளே ஒரு கேப்டன் இருந்திருந்தால் 180 கிலோமீட்டர் புயலில் துறைமுகத்தை விட்டு நகர மாட்டார். அவர் வேலையைக் கரையில் நிற்பவர் செய்யவில்லை என்பதுதான் அங்கே குறை.

அதே 12 இன்னொன்றையும் சொல்கிறது. மணிக்கு 36 கடல் மைல் வேகத்தில் சீறிய ஃப்ளெட்சரின் மாதிரி, 3 கடல் மைல் வேகத்தில் போனால் போதும். மனிதர் நடக்கும் வேகம் அது. குளத்தில் பார்ப்பதோ ஓட்டப் பந்தயம். தேவைக்கு மீறிய மோட்டார், தளத்துக்கு மேலே ஏறும் முன்னலை, முழு வேகத்தில் சட்டென்று ஒரு திருப்பம். ஒல்லியான கப்பல் வெளிப்பக்கமாகச் சாய, அந்தப் பக்கத்து மூடி விளிம்பு தண்ணீருக்குள் போகிறது. காற்றே இல்லாத மாலைகளிலும் கப்பல்கள் கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து ரேடியோ. ஒரே அலைவரிசையில் இருவர் ரிமோட்டை இயக்கினால் யார் கப்பல் யார் சொல் கேட்கும் என்று தெரியாத காலம் ஒன்று இருந்தது. அதற்காகவே குளக்கரையில் ஒரு பலகை தொங்கும். தன் அலைவரிசைக்கான கிளிப்பைக் கையில் எடுத்த பிறகே ரிமோட்டை இயக்கலாம் என்பது கட்டுப்பாடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்ததும் அந்தக் குழப்பம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆன்டெனா ஒயரைக் கப்பலின் அடியில், நீர்க்கோட்டுக்குக் கீழே சுருட்டி வைத்தால், கரையருகே நன்றாகக் கேட்ட கப்பல் தொலைவில் செவிடாகிவிடும். சிக்னல் அறுவதை முழுவதும் தடுக்க முடியாது என்ற வாதத்தை ஏற்கிறேன். அறுந்த பிறகு கப்பல் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் அல்லவா? ஃபெயில்சேஃப் என்ற வசதி அதற்குத்தான். அதைச் சரியாக அமைக்காவிட்டால் சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொள்ளும். கடைசிக் கட்டளை ‘முழு வேகம்’ என்றிருந்தால் பல கிலோ எடையுள்ள கப்பல் அடுத்தவர் படகிலோ அன்னக்குஞ்சுகளின் நடுவிலோ போய் முட்டும். மோட்டார் நிற்க வேண்டும் என்று அமைத்துவிட்டு, கப்பலைக் கையில் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஆட்கள் நிறைந்த கப்பல்களும் மூழ்கியிருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போய், ஒரு காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. புறப்படுவதற்கு முன்பே 30 மாலுமிகளைத் தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்திருந்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சோதனை சொன்னதை யாரும் கேட்கவில்லை. 1870 செப்டம்பரில் பிரிட்டனின் எச்.எம்.எஸ். கேப்டன் ஸ்பெயின் கரைக்கு அப்பால் நள்ளிரவுக் காற்றில் கவிழ்ந்தது. வடிவமைத்த கூப்பர் கோல்ஸ் உட்பட 470-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். திட்டமிட்டதைவிடக் கூடுதல் எடையோடு கட்டப்பட்டதால் ஏற்கெனவே தாழ்வான அதன் தளம் தண்ணீரை இன்னும் நெருங்கியிருந்தது. அதன் மேல் உயரமான பாய்மரங்கள் வேறு. இவற்றில் ஆட்கள் தோற்கவில்லை. கட்டும் இடத்தில் நடந்த தவறு அவர்களைத் தோற்கடித்தது. மாதிரிக் கப்பலில் கட்டுபவரும் கேப்டனும் ஒருவரே என்பதால் இரண்டு பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. அவருக்கு 30 மாலுமிகள் தேவையில்லை, குளியல் தொட்டி போதும். பேட்டரி, மோட்டார், பித்தளைப் பீரங்கிகள், கொடிமரம் எல்லாவற்றையும் ஏற்றி, ஈயத் துண்டுகளை அடியில் வைத்து நீர்க்கோட்டுக்குச் சரிசெய்து, தள விளிம்பு தண்ணீரைத் தொடும்வரை விரலால் சாய்த்துவிட வேண்டும். வெடுக்கென்று நிமிர்ந்தால் நல்லது. தயங்கித் தயங்கி நிமிர்ந்தால் மேலே எடை மிகுந்துவிட்டது. அழகான கோபுரத்தை மெல்லிய பிளாஸ்டிக்கில் மறுபடி செய்தே ஆக வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான சான்று, கப்பலை வேண்டுமென்றே மூழ்கடிக்கும் ஒரு கூட்டத்திடம் இருக்கிறது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய மாதிரிப் போர்க்கப்பல் சண்டையில், 144-இல் 1 பங்குக் கப்பல்கள் வாயு அழுத்தத்தில் சிறு எஃகுக் குண்டுகளை நிஜமாகவே சுட்டுக்கொள்கின்றன. பக்கச் சுவர்களை மெல்லிய பால்சா பலகையால் மூடுகிறார்கள், குண்டு துளைக்க வேண்டும் என்பதற்காகவே. கரையில் நிற்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்கக் கூடாது. கப்பலுக்குள் ஒரு பம்ப், ஓட்டை வழியாக வரும் தண்ணீரை வெளியே பீய்ச்சியபடி இருக்கும். அது தோற்றுக் கப்பல் அமிழ்ந்தால், கயிற்றில் கட்டிய மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டும். எடுத்து வடித்து, துளைகளை அடைத்து மீண்டும் இறக்குவார்கள். மூழ்குவதை எதிர்பார்த்துக் கட்டியவர்கள் கப்பலை இழப்பதில்லை. மூழ்கவே மூழ்காது என்று நம்பியவர்களுக்குச் சேறுதான் மிஞ்சுகிறது. சண்டைக் கப்பல்களில் நுணுக்க வேலைப்பாடு குறைவு, காட்சிக் கப்பலில் பம்பையும் மிதவையையும் எங்கே வைப்பது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனாலும் பீரங்கிக் கோபுரம் ஒன்றையே உள்ளே நுரைக்கட்டை வைத்து மிதவையாக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கவலை எதற்கு, போனால் ஒரு பொம்மைதானே என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மாதிரிக் கப்பல் மூழ்குவதில் மிகப் பெரிய ஆபத்து கப்பலுக்கு வருவதில்லை. அதன் பின்னால் தண்ணீரில் இறங்கும் மனிதருக்கு வருகிறது. வசந்த காலத் தொடக்கத்தில் பிரிட்டனின் குளங்கள் எலும்பைக் குத்தும் குளிர். திடீரென்று அதில் இறங்கும் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அடியில் முழங்கால் அளவு சேறு, கொடிப் பாசி, யாரோ விட்டுப்போன தூண்டில் நரம்பு. பல மாத உழைப்பு கண்முன் குமிழியிடும்போது இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும் நிதானம் யாருக்கும் இருக்காது. ஓடாமல் மிதந்து நிற்கும் கப்பலுக்கு இரு கரைகளுக்கும் இடையே மிதக்கும் கயிற்றை நீட்டி, இருவர் நடந்தபடியே அதைக் கரைக்குத் தள்ளி வரலாம். மூழ்கியதற்கு மிதவைக் கயிறு ஒன்றே வழி. கயிறு குளத்தின் ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். சிக்காமல் அவிழும்படி ஒரு சிறு உருளையில் சுற்றியிருக்க வேண்டும். கழற்றக்கூடிய தளத்தில் முடிச்சைப் போடக் கூடாது, அடிப்பலகையில் ஒட்டிய வளையத்தில் போட வேண்டும். இல்லையென்றால் இழுக்கும்போது தளம் மட்டும் பீரங்கிகளோடு மேலே வரும். கப்பல் கீழேயே கிடக்கும்.