பழைய வண்டிக்கு இன்னும் ஐந்து வருஷமா?

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்து, உள்மாவட்டங்களின் மீது மெல்ல நகர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் கைபேசியில் பார்த்தது. தண்ணீர் வடிந்தபின் வண்டிக்காரர்கள் முன்னால் ஒரே கேள்விதான் நின்றது. இதைத் தூக்கி நிறுத்திச் சரிசெய்வதா, தலைமுழுகிவிட்டு வேறு வாங்குவதா?

வெள்ளம் வராத ஊரிலும் இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுந்திருக்கிறது. ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த கல்லாவியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெரிய வண்டி ஆடம்பரத்துக்காக வாங்கியது அல்ல. மாந்தோப்புக்கும் அதில்தான் போக வேண்டும், போச்சம்பள்ளி சிப்காட் வேலைக்கும் அதில்தான். ஒசூரைத் தாண்டிப் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போவதும், குடும்பத்தோடு திருவண்ணாமலை போவதும் அதே வண்டியில்தான். இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்கள் எஸ்யூவி பக்கம் பெருமளவில் திரும்பியது 2011 முதல் 2013 வரையிலான காலத்தில். மகிந்திராவின் எக்ஸ்யூவி 500 வந்தது 2011-ல். ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் 2012-ல் வந்தது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-ல். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும் என்பதால், அந்த அலையில் வாங்கிய வண்டிகளுக்கெல்லாம் 2026 முதல் வரிசையாகக் கெடு முடிகிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிட வேண்டும். 'டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான், அப்புறம் பிடித்துக்கொள்வார்கள்' என்ற பேச்சு டீக்கடை வரை பரவியிருக்கிறது. அந்தத் தடை தில்லித் தலைநகர் வட்டாரத்துக்கானது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அப்படி ஒரு வயது வரம்பு கிடையாது. 15 வருஷம் முடிந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கி, பசுமை வரி கட்டினால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். அது முடிந்தால் மறுபடியும் ஐந்து. புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். கூடுதல் சுமைதான். ஆனால் இந்தத் தொகைக்குப் பயந்து ஓடுகிற வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

தடையைக் காட்டி, தில்லி டீசல் வண்டிகளைத் தரகர்கள் மலிவாக இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது என்ஓசி (தடையின்மைச் சான்று). கர்நாடக எண் வண்டிக்கும் இதே விதிதான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு என்பதால் ஒசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கேஏ பலகை வண்டி எளிதில் கிடைக்கிறது, விலையும் படிகிறது. ஆனால் வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேயே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அப்போது வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெங்களூரு விலை மலிவா இல்லையா என்று தெரியும்.

சரி, வண்டியைத் தூக்கிப் பார்ப்போம்.

கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர், புஷ், பிரேக் டிஸ்க், ரேடியேட்டர், டயர், பேட்டரி எல்லாமே தேய்ந்துபோவதற்காகவே இருக்கும் சாமான்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு சேர்ந்து கேட்டால் பில்லைப் பார்த்து மலைப்பு வரும். ஆனால் இவற்றை மாற்றியபின் வண்டி பல வருஷம் உழைக்கும். இந்தச் செலவுக்காக வண்டியை விற்பவர், புதுக் கிளட்ச் போடும் சந்தோஷத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் தவணை கட்டப் போகிறார்.

யோசிக்க வேண்டிய இடங்கள் வேறு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காமன் ரெயில் டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர், பம்ப், டர்போ மூன்றும் ஒன்றாகப் படுத்தால் அந்தச் செலவு பழைய வண்டியின் பாதி விலையைத் தொட்டுவிடும். பழைய இன்னோவாவில் டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்பதற்கு பில் வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரியது சேஸிஸ். பொலிரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, குவாலிஸ், இன்னோவா, ஃபார்ச்சூனர் எல்லாம் லாரி போல அடிச்சட்டம் தனி, மேல் கூடு தனி என்று கட்டிய வண்டிகள். இடித்தால் கூட்டை டிங்கரிங் செய்யலாம்; கதவை, ஃபெண்டரை மாற்றலாம். சட்டம் நேராகவும் துருப்பிடிக்காமலும் இருக்கும் வரை வண்டிக்கு உயிர் உண்டு. 2000 முதல் 2005 வரை பெங்களூருக்கு அருகே பிடதியில் தயாரான குவாலிஸ் இன்றும் இந்தச் சாலைகளில் கண்ணில் படுவதற்கு அந்தக் கட்டுமானமும் எளிய டீசல் எஞ்சினும்தான் காரணம். எக்ஸ்யூவி 500, டஸ்டர், ஈகோஸ்போர்ட் அப்படியல்ல. அவற்றில் தரையும் தூணும் கூரையும் சேர்ந்த ஒரே கூடுதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதன் தரைப்பகுதியில் துரு அரித்துவிட்டாலோ, பெரிய விபத்தில் தூண் மடங்கியிருந்தாலோ பட்டறையில் பற்றவைத்து ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. கிருஷ்ணகிரிப் பக்கத்து வறண்ட காற்று இரும்புக்கு நல்லது. ஆகவே துரு கடற்கரை ஊர்களில் போல இங்கே பெரிய எதிரி இல்லை, வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தவிர.

அந்த வெள்ள வண்டிக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. தண்ணீர் ஏறி இறங்கிய வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுத்தம் செய்தால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின் அந்த ஒரு நொடியில் போகும். காப்பீட்டு நிறுவனமும் 'ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்' என்று தள்ளிவிடலாம். அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு இணைப்பைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி பழசானதும் பலர் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காப்பீட்டில் தன் வண்டிக்கு வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுக் காப்பீடு உள்ளவருக்கு, பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அதை முழு நஷ்டமாகக் கணக்கிட்டுப் பணம் தருவார்கள். காப்பீட்டுக்காரர் வைத்திருக்கும் இந்த முக்கால் பங்கு அளவு, சாதாரணப் பழுதின்போது வீட்டிலும் ஓர் எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளத் தகுந்தது.

அடுத்தது உதிரி பாகம். செவர்லே தவேரா ஒரு காலத்தில் வாடகை வண்டிக்காரர்களின் செல்லம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு நிறுவனங்களுமே சர்வீஸ் தொடரும் என்றுதான் கூறின. ஃபில்டர், பிரேக் பேட் போன்றவை வெளிச்சந்தையிலும் கிடைத்துவிடும். ஆனால் எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட், ஹெட்லைட், ஏர்பேக் சென்சார் மாதிரியானவற்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கம்பெனி இருக்கிறதா, மாடல் ஓடுகிறதா, கிருஷ்ணகிரியிலோ ஒசூரிலோ அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்ற மூன்றும் பழுது பில்லைவிட முக்கியம். 2000-த்தில் வந்த பொலிரோ இன்றும் விற்பனையில் இருக்கிறது என்பதே பழைய பொலிரோக்காரருக்குப் பெரிய பலம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் ரிப்பேர் பக்கத்துக்கே சாதகம்.

இனி காசுக் கணக்கு. ஒரு குடும்பத்தின் 2012 மாடல் டீசல் எஸ்யூவியை இன்று விற்றால் 3 லட்சம் கிடைக்கும், அதைச் சரிசெய்ய ஒன்றரை லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிறகு வருஷம் 40,000 ரூபாய் பராமரிப்பு. மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்குச் சுமார் 10,000. ஐந்து வருஷத்தில் கைச்செலவு 4 லட்சம். அதோடு முடியவில்லை. இன்று 3 லட்சத்துக்குப் போகும் வண்டி ஐந்து வருஷம் கழித்து ஒரு லட்சத்துக்குத்தான் போகும். அந்த 2 லட்சமும் செலவுதான், பையிலிருந்து போகாததால் யாரும் எண்ணுவதில்லை. ஆக 6 லட்சம்.

புதியதற்கு ஷோரூம் விலை 12 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதாவது 2,16,000. பத்து லட்சம் கடன் வாங்கி ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கட்டினால் மாதத் தவணை 21,000, மொத்த வட்டி சுமார் 2,60,000. காப்பீடும் சர்வீஸும் சேர்த்து இரண்டேகால் லட்சம் என்று வைத்தால் மொத்தம் 19 லட்சம். ஐந்து வருஷம் கழித்து ஆறரை லட்சத்துக்கு விற்கலாம் என்றாலும் நிகரச் செலவு பன்னிரண்டரை லட்சம். வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசல் நீங்கலாகப் பழைய வண்டி கிலோமீட்டருக்கு 12 ரூபாய், புது வண்டி 25 ரூபாய். வருஷம் 30,000 ஓட்டுபவருக்கு இந்த இடைவெளி சுருங்கும். பழைய வண்டி வழியில் நின்று வேலை கெடும் நாட்களையும் சேர்த்தால் புதியது முந்தவும் கூடும். எண்களை ஒவ்வொருவரும் தங்கள் வண்டிக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். போடாமல் முடிவெடுப்பதுதான் தவறு.

புதியது என்று முடிவாகிவிட்டால் விலைப் படிக்கட்டையும் கவனிக்க வேண்டும். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 13 சதவீதம், 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு வரியில் மட்டும் 53,100 அதிகம். நான்கு மீட்டருக்குள் அடங்கி, 1,500 சிசி தாண்டாத டீசல் எஞ்சின் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி இப்போது 18 சதவீதம். அதைவிடப் பெரிய எஸ்யூவிக்கு 40. இன்னொன்று, 2020-க்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நல்ல சூட்டில் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். அப்படிக் குறுகிய தூரம் மட்டுமே ஓட்டும் வீட்டுக்குப் பெட்ரோல் வண்டி பொருந்தும்.

இவ்வளவு கணக்கையும் புரட்டிப்போடக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. குளோபல் என்கேப் அமைப்பு 2016-ல் மோதிச் சோதித்த, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2017-ல் ஏர்பேக் இல்லாத டஸ்டருக்கும் அதே கதி. 2022 டிசம்பரில் ஸ்கார்ப்பியோ-என் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எந்தப் பட்டறையும் பழைய கூட்டுக்குள் இந்த வித்தியாசத்தைப் பொருத்திக் கொடுக்க முடியாது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021-ல்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாரந்தோறும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் லாரிகளுக்கு நடுவே பெங்களூருக்கோ, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கோ போகும் குடும்பம், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இல்லாத வண்டியில் ஒன்றரை லட்சத்தைப் போடக் கூடாது. அந்தப் பணத்தை முன்பணமாக வைத்து, நல்ல சோதனை மதிப்பெண் பெற்ற மூன்று நான்கு வயதுள்ள சின்ன வண்டியை வாங்கலாம். புதியதே வேண்டும் என்பதில்லை. ஊருக்குள்ளும் தோட்டத்துக்கும் மட்டும் ஓடும், சட்டம் நேராக உள்ள, உதிரி பாகம் கிடைக்கும் வண்டியைத் தயங்காமல் சரிசெய்து ஓட்டலாம்.

கழித்துவிடுவது என்று முடிவானால் அதையும் முறைப்படி செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வண்டியை ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுகிற பழக்கம் ஆபத்தானது. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடைக்கப் போகும் வண்டியை அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். புது வண்டிக்கு அதை வைத்துச் சலுகை கேட்கலாம்.

இன்றே வீட்டில் இருக்கும் ஆர்சியை எடுத்துப் பதிவு முடியும் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க, கெடு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் அபராதம் ஏறும். கெடு முடிந்த வண்டியைச் சாலையில் ஓட்டினால் காப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரும். எனவே விண்ணப்பிக்கும் முன், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் சேஸிஸையும் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லி, பழுது மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.