வலிக்காத காலைத் தேடும் படிப்பு

இங்கிலாந்தின் சால்ஃபோர்ட், ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்காகப் பாத மருத்துவ நிலையம் நடத்துகின்றன. அங்கே வைத்தியம் பார்ப்பவர்கள் மாணவர்கள்தான். மேற்பார்வைக்கு ஆசிரியர் இருப்பார். காலாணியோடு ஒரு பெரியவர் வந்தால், மாணவி ஒரு கையால் அவர் உள்ளங்காலின் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். கத்தியைத் தோலோடு ஏறக்குறையப் படுக்கவைத்து, காய்ந்த தடிப்பை மெல்லிய ஏடுகளாகச் சீவுகிறார். அடியில் உயிருள்ள தோல் தெரியத் தொடங்கும்போது கை நின்றுவிட வேண்டும். ஒரு சீவல் கூடினாலும் ரத்தம் வந்துவிடும். கடைசியாகக் கத்தி முனையால் ஆணியின் நடுக்கருவைத் தோண்டி எடுத்ததும், பெரியவர் நடந்து பார்த்துச் சிரிக்கிறார். மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் நன்றி கிடைக்கும் துறைகள் குறைவு.

நகம் வெட்டவும் ஆணி எடுக்கவும் ஒரு பட்டமா என்று கேட்பவர்கள் பிரிட்டனிலும் உண்டு. பொடியாட்ரி எனும் இந்தப் பாத மருத்துவப் பட்டம் இங்கிலாந்தில் பொதுவாக மூன்றாண்டுப் படிப்பு. அதற்குள் சுமார் 1,000 மணி நேரம் நோயாளிகளோடு பழக வேண்டும். உடற்கூறியல், மருந்தியல், ரத்த ஓட்டம், நரம்பியல், நடை ஆய்வு என்று பாடங்கள் நீள்கின்றன. பெருவிரலை ஊசியால் மரத்துப்போகச் செய்து, சதைக்குள் வளரும் நகத்தின் ஓரத்தை அகற்றி, அது மீண்டும் முளைக்காதபடி வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தை வைப்பதும் பாடத்தில் அடக்கம். தேறியவர்கள் உரிய கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ‘பொடியாட்ரிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். பதிவில்லாமல் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். மேற்கொண்டு பயிற்சி பெற்றால் மருந்துச் சீட்டு எழுதும் உரிமையும் கிடைக்கும். 2013-ல் வந்த சட்டத் திருத்தம் அதற்கு வழிசெய்தது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டையும் சேர்த்தால் 52. உடலின் மொத்த எலும்புகளில் கால் பங்கு. இவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்துவிடலாம். அவை ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்பதில்தான் ஆசிரியர்களுக்குள்ளேயே சண்டை. அமெரிக்கரான மெர்ட்டன் ரூட், கணுக்காலுக்கு அடியிலுள்ள மூட்டுக்கு ஒரு ‘நடுநிலை’ உண்டு என்றார். பாதம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அதை வைத்து அளந்து, செருப்புக்குள் வைக்கும் தாங்குதளத்தால் சரிக்கட்டலாம் என்பது அவர் கொள்கை. அவரும் சகாக்களும் 1977-ல் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே வேதமாக இருந்தது. ஆனால் ஒரே காலை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வந்தது. ‘கோணல்’ என்று முத்திரை குத்தப்பட்ட பாதக்காரர்கள் பலர் வலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தசைநார், எந்த எலும்பு தாங்கமுடியாத சுமையைத் தாங்குகிறது என்று பார்க்கும் போக்கு இப்போது வலுத்திருக்கிறது. மாணவர் பழையதையும் படிக்கிறார், அதன் ஓட்டைகளையும் படிக்கிறார். அலுப்பூட்டும் ஏற்பாடுதான், ஆனால் நேர்மையானது.

வலி இருந்தால் நோயாளியே சொல்லிவிடுவார். இந்தப் படிப்பின் கடினமான பகுதி வலிக்காத காலில் தொடங்குகிறது. சர்க்கரை நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை அவர் உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை மாணவர் அழுத்துவார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. தொட்டது தெரியவில்லை என்றால், பாதத்தைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று பொருள். செருப்புக்குள் கிடக்கும் கல்லும் அவருக்குத் தெரியாது.

இந்த அறிவின் வேர்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினர். உணர்வு போன கை கால்களில் தெரியாமல் படும் காயங்களே காரணம் என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் எலிகளின் பாதத்தை இயந்திரத்தால் ஆயிரக்கணக்கான முறை இலேசாக அழுத்திப் பார்த்தார். ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. விடாமல் அழுத்தினால் வீங்கிப் புண்ணாகும். நமக்குக் கால் வலித்தால் அறியாமலே நடையை மாற்றி ஊன்றுகிறோம். உணர்விழந்தவர் அதே இடத்தில் ஊன்றிக்கொண்டே இருப்பார். புண் ஆற வேண்டுமானால் களிம்பைவிட, அந்த இடத்தில் பாரம் விழாமல் தடுப்பதே முக்கியம். வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளுக்காக உருவான மிருதுவான எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டு நடப்பதும் இதனால்தான்.

இவ்வளவு தேவை இருந்தும் வகுப்புகள் நிரம்புவதில்லை. 2017-ல் இங்கிலாந்து அரசு இத்தகைய படிப்புகளுக்கான உதவித்தொகையை நிறுத்தியதும் விண்ணப்பங்கள் சரிந்தன. 2020 முதல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியமும், ஆள் பற்றாக்குறையுள்ள பாடம் என்பதால் கூடுதலாக 1,000 பவுண்டும் தருகிறார்கள். பல் மருத்துவரைத் தெரியாத பிள்ளை கிடையாது. பாத மருத்துவரைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? பணத்தைவிட அதுதான் பெரிய தடை என்று தோன்றுகிறது.

அப்படியும் வந்து சேரும் மாணவர்கள் கோட்டைவிடக் கூடாத நோய் ஒன்று உண்டு. பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868-ல் விவரித்தது. உணர்விழந்த பாதம் திடீரென்று வீங்கிச் சிவக்கும். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கும். நோயாளியோ பெரிதாக வலியில்லாமல் நடந்தே வருவார். கிருமித்தொற்று என்றோ, சுளுக்கு என்றோ நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால், சில வாரங்களில் உள்ளங்கால் வளைவு சரிந்து, தொட்டில் அடிப்பாகம் போலக் கீழே புடைத்துவிடும். மாணவர் வெப்பமானியை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் காட்டி ஒப்பிடுவார். வீங்கிய கால் இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. எக்ஸ்ரேயில் இன்னும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு வேலை நாளுக்குள் சிறப்புக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டு நெறி. நோயாளியை அதற்குமேல் நடக்க விடாமல், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போடுவார்கள். இரண்டு பாதங்களின் சூடும் ஒன்றாகும்வரை, பல மாதங்கள் ஆனாலும், கட்டைப் பிரித்துப் பிரித்துப் புதிதாகப் போடுவார்கள்.